மாமாவின் மாடித் தரை

மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்தில் நுழைகின்றவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒன்றுபோல் தலையை உயர்த்துகிறார்கள். மேலே வண்ணக் கண்ணாடிக் கூரையில் மயில்கள் நிற்கின்றன. அவற்றைக் கண்டு வியக்கிறார்கள். பிறகு அடுத்த கூடத்திற்குப் போய்விடுகிறார்கள். காலடியில், இங்கிலாந்திலிருந்து வந்த ஓடுகளிலும் மயிலின் வடிவமே பதிந்திருக்கிறது. குனிந்து அதைப் பார்ப்பவர் சிலரே. 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையான பின், ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி 1912இல் கட்டி முடிந்த மாளிகை அது. அத்தனை பெரிய மாளிகையிலேயே தரையின் கதி இதுவென்றால், சாதாரண வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

சொல்ல நிரம்ப இருக்கிறது என்பதை எனக்குக் கற்பித்தது என் மாமாவின் கேரேஜ் மாடி. 240 சதுர அடிதான். அந்த 240 சதுர அடியில் நான் என் பௌதிகப் பாடத்தையும், அதைவிடப் பெரிய வேறொரு பாடத்தையும் கற்றேன்.

என் மாமா பழைய ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்கிறவர். இந்தத் தொழிலுக்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. 1961 முதல் 1996 வரை அந்த வண்டிகள் பிறந்த ஊரே இதுதான். தொழிற்சாலை மூடி இத்தனை ஆண்டுகள் ஆகியும் வண்டிகள் ஓய்ந்தபாடில்லை. தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் தள்ளிக்கொண்டு வருவான். மாமா அதன் காது திருகி, மூக்கைச் சிந்தி, ஓடவைத்து அனுப்புவார். இட்டிகேகூடுப் பக்கம், அத்தையின் தகப்பனார் விட்டுச்சென்ற பழைய வீட்டின் கீழ்த்தளந்தான் கேரேஜ். கன்னடத்தில் ‘இட்டிகெ’ என்றால் செங்கல். நம் பழந்தமிழில் ‘இட்டிகை’ என்பதும் அதுவே. செங்கல்லின் பேரைத் தாங்கிய பேட்டையில் தரைப் பிரச்சினை எழுந்தது பொருத்தமே.

கீழே முரட்டு வேலைகள் நடக்கும். சக்கரம் கழற்றுவதும், சட்டத்தை நிமிர்த்துவதும், பெட்ரோலில் கழுவுவதும் அங்கே. ஆனால் என்ஜினைத் திறந்து உள்ளே கைவைக்கும் வேலைக்குத் தூசு ஆகாது. மேலும் மாமாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் சிமெண்டுத் தரையில் குந்தியே வேலை செய்த முழங்கால்கள் இப்போது மாடிப்படி ஏறும்போதெல்லாம் முறையிடுகின்றன. ஆகவே மாடி அறையில் ஒரு மேசை, ஒரு முக்காலி போட்டு, நுண்ணிய வேலைகளை அங்கே உட்கார்ந்து செய்வது என்று தீர்மானித்தார்.

அந்த அறையின் தரை சிவப்புக் காவித் தரை. அத்தையின் தகப்பனார் கொத்தனாரோடு தாமும் மண்டியிட்டுத் தேய்த்து மெழுகியது. ஆண்டுக் கணக்கில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துத் துடைத்து, முகம் பார்க்கலாம் போலிருக்கும். முகம் பார்க்க ஏற்ற தரை, எண்ணெய்க் கையோடு நடக்க ஏற்றதன்று. சென்ற ஆடி மாதம் ஒருநாள், சிந்திய இரண்டு சொட்டு என்ஜின் ஆயிலின்மேல் மாமா கால் வைத்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தார். வலக்கையில் ஒரு பழைய ஜிக்காவ் கார்புரேட்டரை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். இடக்கை மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

“அதை ஏன் மாமா பிடிச்சுக்கிட்டே விழுந்தீங்க?” என்றேன்.

“கை ஒடிஞ்சா ஒட்டிக்கும் மாப்பிள்ளை. இது உடைஞ்சா எங்கே போறது?” என்றார்.

நாங்கள் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. மூன்று வாரம் கட்டுப் போட்ட கையோடு மாமா வேலையின்றி இருந்தார். அந்த மூன்று வாரத்தில் வாசலில் ஒன்பது வண்டிகள் காத்துக் கிடந்தன. ஒரு மெக்கானிக்கின் மணிக்கட்டு அவன் குடும்பத்தின் உத்தரம் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

கட்டு அவிழ்த்த அன்று மாமா என்னைக் கூப்பிட்டார். “மாப்பிள்ளை, நீ எம்.எஸ்சி. படிக்கிறவன். அந்த மாடிக்கு என்ன தரை போடலாம்னு பார்த்துச் சொல்லு. இன்டர்லாக் டைல்ஸ்னு ஏதோ சொல்றாங்க.”

மானச கங்கோத்திரியில் குவாண்டம் இயக்கவியல் படிக்கிறவனுக்கு ஒரு தரையைத் தேர்ந்தெடுப்பது என்ன பெரிய காரியம்? ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று எண்ணினேன். அது ஐந்து மாதம் பிடித்தது.

முதல் குழப்பம் பெயரிலேயே வந்தது. ‘இன்டர்லாக்’ என்று கேட்டதும் கடைக்காரர் எங்களைக் கடைக்குப் பின்னால் அழைத்துச் சென்று, நடைபாதைகளிலும் வீட்டு முற்றங்களிலும் பதிக்கிறார்களே, அந்தச் சிமெண்டுக் கற்களைக் காட்டினார். நல்ல உறுதி, எண்ணெயும் பெட்ரோலும் ஒன்றும் செய்யா, விலையும் மலிவு. மாமாவுக்குப் பிடித்துவிட்டது. நான் மட்டும் ஒரு கல்லின் தடிப்பை அளந்தேன். 60 மில்லிமீட்டர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ. 60 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 144 கிலோ. எங்கள் அறை 20 அடி நீளம், 12 அடி அகலம். அதாவது 22 சதுர மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் 3,200 கிலோ! ஒரு பழைய ஜாவா வண்டி 130, 140 கிலோ இருக்கும். இருபத்து மூன்று வண்டிகளை மாடியில் நெருக்கி நிறுத்தி வைப்பதும், அந்தக் கற்களைப் பரப்புவதும் எடையில் ஒன்றுதான்.

இன்றைய கான்கிரீட் தளமாக இருந்தால்கூட இது யோசிக்க வேண்டியது. எங்கள் மாடியோ ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் பழைய முறையில் ஆனது. மர உத்தரங்களின்மேல் குறுக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, மேலே தளம் போடுவார்கள். நம் ஊர்ப் பழைய கட்டடங்கள் பலவற்றிலும் இதைக் காணலாம். நன்கு பேணினால் நூறாண்டு நிற்கும். பேணாவிட்டால்? மைசூர்வாசிகளுக்கு விடை தெரியும். 1892இல் எழுந்த லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து விழுந்து நால்வர் மாண்டனர். 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் வட பக்கம் சரிந்தது. நாங்கள் காய்கறி வாங்கப் போகும் இடம் அது.

மாமா அன்றிரவு நெடுநேரம் கேரேஜில் நின்று மேலே உத்தரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வந்தோம். அவர் ஒவ்வோர் உத்தரத்தையும் தட்டிப் பார்த்தார். சுவருக்குள் நுழையும் முனைகளைக் கத்தி நுனியால் குத்திப் பார்த்தார். ஈரமும் செல்லும் அங்கேதான் முதலில் குடியேறுமாம். உத்தரங்கள் நலமாகவே இருந்தன. “உட்கார்ந்து வேலை செய்யலாம். லேத் மெஷினை மேலே ஏற்றாதீர்கள், என்ஜின்களை நடுவில் குவிக்காதீர்கள், தரைமேல் போடுவது எதுவானாலும் இலேசாக இருக்கட்டும்” என்று சொல்லிப் போனார். சிமெண்டுக் கல் அன்றோடு ஒழிந்தது.

பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் பதிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்குக் காவித் தரையைக் கொத்திவிட்டு அதன்மேல் சாந்து பூச வேண்டும். அத்தை அடுக்களை வாயிலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் நான் மாடிக்குப் போனபோது அத்தை அந்தத் தரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று துடைக்கும் முறை இல்லை, தூசும் இல்லை. நான் மெல்லத் திரும்பி வந்து மாமாவிடம், “கொத்தற வேலையே வேண்டாம் மாமா. ஒட்டாம, ஆணி அடிக்காம, மேலே பரப்பி ஒண்ணோடொண்ணு கோக்கிற டைல்ஸா பார்ப்போம். வேண்டாம்னா எடுத்துடலாம். அடியில் தரை அப்படியே இருக்கும்” என்றேன். மாமா, “நானும் அதையேதான் நினைச்சேன்” என்றார்.

இப்படியாகத்தான் பிளாஸ்டிக், ரப்பர் ஓடுகளிடம் வந்து சேர்ந்தோம். அவற்றின் விளிம்பில் பற்கள் இருக்கும். நுனி பருத்துக் கழுத்துச் சிறுத்த பற்கள். ஓர் ஓட்டின் பல் மற்றோர் ஓட்டின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால், மேலே தூக்கினாலன்றிப் பக்கவாட்டில் பிரியா. “புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க மாமா” என்றேன். மாமா பதில் சொல்லாமல் விரலை மேலே காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். அறையின் கூரை மங்களூர் ஓடு!

உண்மைதான். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஓடு பழைய சங்கதி. 1841இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்தோனி சகோதரர்கள் விளிம்பில் வரப்பும் பள்ளமும் உள்ள கூரை ஓட்டைச் செய்தார்கள். அவர்கள் ஊருக்கு அருகிலுள்ளது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். அங்கிருந்து வந்த பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பார் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அங்கிருந்து அந்த ஓடு தென்னாடு முழுவதும் பரவியது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக நம் தலைக்குமேல் இருந்த உத்திதான் இப்போது காலடிக்கு இறங்கியிருக்கிறது. அந்தக் கூரையை அன்று இன்னும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தேனானால் பின்னால் நேர்ந்த அவமானம் நேர்ந்திராது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைகளிலிருந்து நான்கு மாதிரித் துண்டுகள் வாங்கி வந்தேன். ஒன்று, குழந்தைகள் விளையாடும் அறையில் போடும் மெத்தென்ற ஈ.வி.ஏ. நுரை. இரண்டு, பழைய டயரைப் பொடியாக்கி அழுத்திய ரப்பர். மூன்று, கெட்டியான பாலிபுரொப்பிலீன். நான்கு, வளைந்து கொடுக்கும் பி.வி.சி. இவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அத்தையின் பழைய ஊறுகாய் ஜாடிகளில் போட்டு, சிலவற்றின்மேல் என்ஜின் ஆயிலும் சிலவற்றின்மேல் பெட்ரோலும் ஊற்றி, கொல்லைப்புறத்தில் வரிசையாக வைத்தேன். ஊற வைக்குமுன் ஒவ்வொன்றின் தடிப்பையும் மாமாவின் வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அளந்தேன்.

நுரையைப் பற்றி மாமாவின் முடிவுக்கு ஜாடியே தேவைப்படவில்லை. முக்காலியின் கால் அதில் குழிவிழுந்து பதிந்தது. “இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க உருள்றதுக்கு” என்று தள்ளிவிட்டார். பெட்ரோலில் அது ஊதியும் போயிருந்தது. டயர் ரப்பர் காலுக்கு இதமாக இருந்தது. ஆனால் ஆயிலில் ஊறிய துண்டு உப்பி, ஓரம் உதிரத் தொடங்கியது. சாதாரண ரப்பருக்கும் கனிம எண்ணெய்க்கும் இனம் ஒன்று, ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும். நைட்ரைல் போன்ற தனி வகை ரப்பர்களே எண்ணெயைத் தாங்கும்.

பாலிபுரொப்பிலீன் ஆயிலுக்கும் அசையவில்லை. பெட்ரோலிலும் பெரும் மாறுதல் இல்லை. தேர்வு முடிந்தது என்றே எண்ணினேன். ஆனால் அந்த வகை ஓடுகளின் அடிப்பக்கம் கூடு போன்றது. நடந்தால் தட்டுத்தட்டென்று ஒலித்தது. மேற்பக்கத்தில் தண்ணீர் வடிவதற்காகச் சிறு துளைகள் வேறு. மாமா தம் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து அதன்மேல் போட்டார். குண்டு துளைக்குள் விழுந்து மறைந்தது. மாமா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், மூன்றாவதும் ஒழிந்தது.

இந்தப் பேரிங் குண்டுச் சோதனையை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. நுண்ணிய வேலையில் கையிலிருந்து நழுவாத பொருள் இல்லை. சர்க்கிளிப், ஊசி, சிறு ஸ்பிரிங் எதுவானாலும் கீழே விழும். அப்படி விழுந்தது எங்கே போய் நிற்கும்? கண்ணில் படுமா? அறுபது வயதுக் கண்ணில் படுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாத தரை அவருக்குத் தரையே அன்று. கறுப்பு ஓடு அழுக்கை மறைக்கும் என்று கடைக்காரர் புகழ்ந்தபோது மாமா சொன்னார்: “அழுக்கை மறைக்கிறது சாமானையும் மறைக்கும்.”

எஞ்சியது பி.வி.சி. அதிலும் குறை இல்லாமல் இல்லை. ஆயிலில் அது நன்றாகவே நின்றது. பெட்ரோலில் ஊறிக் காய்ந்த துண்டோ சற்றுச் சுருங்கி, விறைத்துப் போயிருந்தது. பி.வி.சி. இயல்பில் கடினமானது, அதை வளையவைக்க ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். பெட்ரோல் அந்தப் பொருளைக் கரைத்து வெளியே இழுத்துவிடுகிறது என்று இரசாயனம் படிக்கும் என் நண்பன் விளக்கினான். முக்காலியின் ரப்பர்க் கால்கள் நாளடைவில் பழுப்புக் கறை ஏற்றும் என்றும் எச்சரித்தான். எரியும் குணத்தில் மட்டும் இது மற்றவற்றைவிட மேல். தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 விழுக்காடு, குளோரின். ஆதலால் அது எளிதில் சுடர்விட்டுத் தொடர்ந்து எரியாது. ஆனால் நெருப்பில் சிக்கினால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும்.

ஆகவே மூன்று விதிகள் செய்தோம். பெட்ரோல் மாடிக்கு வரக்கூடாது, கழுவுவதெல்லாம் கீழே. முக்காலிக்கு மரக் கால். எது சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். மூன்றாவது விதியைக் கேட்ட அத்தை, “இதை முன்னமே செஞ்சிருந்தா விழுந்தேயிருக்க மாட்டார்” என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

வெளிர் சாம்பல் நிறம். தோல்போல் மெல்லிய சொரசொரப்பு. 500 மில்லிமீட்டர்ச் சதுரம். 7 மில்லிமீட்டர்த் தடிப்பு. பேரிங் குண்டு இரண்டு சாண் உருண்டு நின்றது. நீளவாட்டில் 13, அகலவாட்டில் 8, ஆக 104 ஓடுகள், கைப்பிசகுக்கு நான்கு. மொத்த எடை 225 கிலோ அளவில்தான். இரண்டு வண்டிகளின் எடைகூட இல்லை. உத்தரங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டிருக்கும்.

பொங்கல் விடுமுறையில், குளிர்ந்த காலைப் பொழுதில், தரையை உலரத் துடைத்துவிட்டு ஓடுகளைப் பரப்பினோம். ரப்பர்ச் சுத்தியால் ஒரு தட்டு. பல் பள்ளத்தில் போய் அமரும். அந்த ஓசையில் ஓர் இன்பம் இருந்தது. சுவரோரத்து ஓடுகளை நான் அளந்து, மயிரிழை பிசகாமல் வெட்டி, சுவரோடு சுவராக அழுத்திப் பொருத்தினேன்.

மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “சுவரோரம் கொஞ்சம் இடம் விட வேணாமா மாப்பிள்ளை? வெயில் காலம் வரும்” என்றார்.

ஓடுகளோடு வந்த தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நான் படித்தேன். ஆனால் அந்த இடைவெளி அழகைக் கெடுக்கும் என்று எனக்குத் தோன்றியது. “இது இரும்பா மாமா நீள்றதுக்கு? வெறும் பிளாஸ்டிக்தானே” என்றேன்.

அந்தச் சொல்லை இன்று எழுதும்போதும் என் காது சுடுகிறது. மாமா மேலே ஒன்றும் பேசவில்லை. படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார்.

தையும் மாசியும் நன்றாகப் போயின. அந்த அறைக்கு மேற்கே ஒரு சன்னல். சித்திரை பிறந்ததும் பிற்பகல் வெயில் அதன் வழியே நேரே தரைமேல் விழத் தொடங்கியது. ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது மாமா மேசையைப் பற்றிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. சன்னலருகே தரை கூனிக் கிடந்தது. இரண்டு விரற்கடை உயரம் மேலெழும்பியிருந்தது. கிராங்க் கேசைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அந்த மேட்டில் கால் இடறியிருக்கிறார். நல்ல வேளையாக மேசை கைக்கு எட்டியது. எந்த விழுகையைத் தடுப்பதற்காக ஐந்து மாதம் அலைந்தோமோ, அந்த விழுகையை நானே தரையில் பொருத்தி வைத்திருந்தேன்.

அன்றிரவு ஜாவா கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். பள்ளியில் இரயில் தண்டவாள இடைவெளிக்குப் போடும் அதே கணக்கு. பி.வி.சி. ஒரு மீட்டர் நீளத்திற்கு ஒரு டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 0.012. இரும்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு! ‘இது இரும்பா?’ என்று நான் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. 6.1 மீட்டர் அறைக்கு, தைக் காலைக்கும் சித்திரைப் பிற்பகலுக்கும் 15 டிகிரி வேறுபாடு என்று வைத்தால், 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அரிசி ஒன்றின் நீளந்தான். ஆனால் அந்த 6 மில்லிமீட்டருக்குப் போக இடமில்லாவிட்டால் அது மேலே எழும். ஒரு மீட்டர்த் தூரத்தில் வில்லாக வளைந்தால் நடுவில் ஏறத்தாழ 47 மில்லிமீட்டர் உயரும். பற்களின் இடுக்குகள் கொஞ்சம் விழுங்கிக்கொண்டதால் எங்கள் தரை அவ்வளவு எழும்பவில்லை. அடக்கி வைத்த சிறிது, வெளிப்படும்போது பெரிதாகிறது. வாய்பாடு எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தது வேளைக்கு வரவில்லை.

மறுநாள் காலை மாமாவிடம் தலைகுனிந்து நின்றேன். “நீங்க சொன்னீங்க மாமா. நான் கேக்கல” என்றேன்.

மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மேசைமேலிருந்த ஒரு பிஸ்டன் ரிங்கை எடுத்து, வெறும் சிலிண்டருக்குள் நுழைத்து, என் கையில் கொடுத்தார். வட்டம் முழுமையாக இல்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய ஒரு வெட்டு.

“இந்த வாய் எதுக்கு?”

“சூட்டுல நீள்றதுக்கு.”

“65 மில்லிமீட்டர் சிலிண்டர். இதுக்குக் கால் மில்லிமீட்டர் வாய் விடணும். ஃபில்லர் கேஜ் வெச்சுப் பார்த்துத்தான் போடுவேன். வாய் இல்லாம போட்டா புது வண்டி மாதிரி இறுக்கமாத்தான் இருக்கும். பத்து மைல் போனதும் முட்டிக்கிட்டுச் சிலிண்டரைக் கீறிடும். இறுக்கமா இருக்கிறதெல்லாம் உறுதின்னு நினைச்சா நம்ம தொழில் போச்சு மாப்பிள்ளை.” சற்று நிறுத்தி, “அன்னைக்கு எனக்கும் நிச்சயமாத் தெரியலை. ரிங்குல பார்த்தது தரைக்கும் பொருந்துமான்னு. அதனால்தான் பேசாம இருந்துட்டேன்” என்றார்.

அந்த இடத்தில்தான் என் தவறு முழுதும் எனக்கு விளங்கியது. நான் கணக்கைத் தவறவிட்டது சிறிது. முப்பத்தைந்து ஆண்டுகள் வெப்பத்தையும் இடைவெளியையும் விரல் நுனியால் அளந்த ஒருவர் ஐயத்தோடு கேட்ட கேள்வியை, ஒரு பட்டத்தின் துணிவில் வாயடைத்தேனே, அதுதான் பெரிது. அவருக்கும் தம் அறிவை விரித்துச் சொல்ல நான் இடம் விடவில்லை.

சன்னலோரமும் அதற்கு எதிர்ச் சுவரோரமும் ஓடுகளை எடுத்து 10 மில்லிமீட்டர் வெட்டினோம். கூன் தானாகவே படுத்துக்கொண்டது. தெரியும் இடைவெளியை மறைக்க மெல்லிய மரப்பட்டி ஒன்றை அடித்தோம். தரையில் அன்று, சுவரில். தரை அதன்கீழ் தன் விருப்பம்போல் நீளலாம், சுருங்கலாம். சன்னலுக்கு அத்தை ஒரு கனத்த திரை தைத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்து மல்லாந்து படுத்தபோது மறுபடியும் அந்த மங்களூர் ஓடுகள் கண்ணில் பட்டன. இம்முறை உற்றுப் பார்த்தேன். ஒன்றையொன்று கவ்விக்கொண்டுதான் கிடக்கின்றன. ஆனால் இறுக்கமாக அன்று. ரீப்பரின்மேல் தளர்வாக அமர்ந்திருக்கின்றன, தட்டினால் அசைகின்றன. வெயிலில் விரிந்து, மழையில் குளிர்ந்து, அத்தனை ஆண்டுகளும் உடையாமல் நிற்பதற்கு அந்தத் தளர்வே காரணம். பாடம் தொடக்கத்திலிருந்தே தலைக்கு மேல் எழுதிக் கிடந்தது.

ஓடுகளை எடுத்த அன்று அடியிலிருந்த காவித் தரையை அத்தை குனிந்து பார்த்தார். கையால் தடவினார். “அப்படியேதான் இருக்கு” என்றார். பிறகு ஓட்டைத் தாமே எடுத்து, பல்லைப் பள்ளத்தில் பொருத்தி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

இப்போது மாமா மாடியில் முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார். முழங்கால் முறையீடு குறைந்திருக்கிறது. சர்க்கிளிப் விழுந்தால் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஒவ்வொரு சித்திரையிலும் மரப்பட்டியை விலக்கி, சுவருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளந்து சொல்வது என் வேலை. அளந்து சொன்னதும் மாமா கேட்பார்: “இடம் இருக்கில்ல?”

“இருக்கு மாமா” என்பேன்.